வெள்ளவத்தையில் ‘முழு உடற் பரிசோதனை’க்குப் போகிறவர்களின் கவனத்திற்கு

சென்ற தை மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இயங்கும் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில், 71 வயதான என் அம்மாவுக்கு ‘முழு உடற் பரிசோதனை’ என்று விற்கப்படும் பேக்கேஜ் ஒன்றை 18,500 ரூபாய் கட்டிச் செய்வித்தேன். முழங்கால் நோவைத் தவிர அம்மாவுக்கு வேறு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. வயதாகிறதே, ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்றுதான் போனோம். அங்கே நாங்கள் ஏமாற்றப்பட்ட விதத்தை, அதே பேக்கேஜை வாங்க நினைக்கும் குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அறிக்கையை எடுக்கச் சென்றபோது, வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் எங்களை உள்ளே அழைத்து, ஒன்பது பக்க ஆங்கில அறிக்கையைப் புரட்டி, மஞ்சள் மார்க்கரால் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். அது சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனை. 35க்குள் இருக்க வேண்டியது 38 ஆக இருந்தது. பக்கத்தில், எல்லையைத் தாண்டிவிட்டதைக் குறிக்கும் ‘எச்’ என்ற எழுத்து தடித்த அச்சில் தெரிந்தது. இது சூலகப் புற்றுநோயின் அறிகுறி என்றும், சாய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனை அன்றைக்கே பதிவு செய்யாவிட்டால் பிறகு தங்களைக் குறை சொல்லக்கூடாது என்றும் அவர் கூறினார். மார்க்கர் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பி, “என்னவாம் பிள்ளை?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பயத்தில் 12,000 ரூபாய் முற்பணம் கட்டினேன். அவர் வைத்தியர் அல்லர், விற்பனைப் பிரிவில் வேலை செய்பவர் என்பதை வீட்டுக்கு வந்து பற்றுச்சீட்டைப் பார்த்தபோதுதான் அறிந்தேன்.

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தச் சங்கிலி எந்தப் பேரப்பிள்ளைக்கு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் எங்கள் குடும்ப வைத்தியர், அம்மாவை நன்றாகப் பரிசோதித்த பிறகே அறிக்கையைக் கையில் எடுத்தார். உடலில் அழற்சி, ஈரல் நோய், இதயப் பலவீனம் போன்ற பல காரணங்களாலும் சிஏ 125 உயரலாம் என்றும், எந்த அறிகுறியும் இல்லாத பெண்களிடம் புற்றுநோயைத் தேடுவதற்காகச் செய்யும் பரிசோதனை அதுவல்ல என்றும் விளக்கினார். எண் வந்துவிட்டபடியால் அதைப் பார்க்காமல் விடவும் முடியாது என்று சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்றுக்கு எழுதித் தந்தார். அதில் குறை எதுவும் இருக்கவில்லை. அவர் சொன்ன இன்னொரு விடயம் என்னை யோசிக்க வைத்தது. அறிக்கையில் அச்சிடப்படும் சாதாரண எல்லை, பெரும்பாலான பரிசோதனைகளில், ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. ஆகவே நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்கு 40 பரிசோதனைகளைச் செய்தால், ஒன்றிரண்டு எல்லைக்கு வெளியே விழுவது எதிர்பார்க்க வேண்டியதே. பேக்கேஜ் பெருக்கப் பெருக்க, பயமுறுத்தக் கிடைக்கும் எண்களும் பெருகுகின்றன.

பிறகு அவர் நான்காம் பக்கத்தில் நின்றார். சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 1.1, எல்லை 0.6 முதல் 1.1 வரை. ஆய்வுகூடம் அதற்கு எந்தக் குறியும் இட்டிருக்கவில்லை. அம்மாவின் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வீதம் 54 என்று எழுதிக் காட்டினார். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே கொள்ளப்படும். “முழங்காலுக்கு என்ன குளிசை போடுறீங்கள் அம்மா?” என்று கேட்டார். டைக்ளோஃபெனாக். பத்து நாளுக்கென்று எழுதப்பட்ட பழைய துண்டைக் காட்டி, எட்டு மாதமாக நாளுக்கு இரண்டு வீதம் வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த வகை நோ மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியவை என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. சாய மருந்து ஏற்றுவதற்கு முன்னர் சிறுநீரகத்தின் நிலையைப் பார்ப்பது வழக்கம். அந்த எண்ணைத் தாங்களே அச்சிட்டுத் தந்தவர்கள், அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் ஸ்கேனுக்குக் காசு வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அறிக்கை கைக்கு வந்தால் குறியிட்ட எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பழைய அறிக்கைகளையும் போடுகிற குளிசைகளையும் ஒரே பையில் கொண்டுபோய், உங்களைத் தெரிந்த வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணுக்குப் பக்கத்திலுள்ள அலகையும் பாருங்கள். எங்கள் பெரியம்மா, 126 ஆக இருந்த வெறுவயிற்றுச் சீனி வேறோர் ஆய்வுகூடத்தில் 7 ஆகக் குறைந்துவிட்டதென்று மகிழ்ந்து குளிசையை நிறுத்தியவர். முன்னையது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், பின்னையது லீற்றருக்கு மில்லிமோல். இரண்டும் ஒரே அளவுதான்.

முற்பணத்தைத் திருப்பித் தர ஆய்வுகூடம் மறுத்துவிட்டது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு, பற்றுச்சீட்டின் பிரதியையும் மஞ்சள் வட்டமிட்ட பக்கத்தையும் இணைத்து முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி மூன்று மாதங்களின் பின் எடுத்த பரிசோதனையில் அம்மாவின் கிரியேட்டினின் 0.9, வடிகட்டும் வீதம் 68. அந்த அறிக்கையை அவரே கையில் வாங்கி, விரலால் வரிசையைத் தடவி, “இதுதானே அந்த எண்?” என்று கேட்டார்.