புளியந்தீவா, காரைதீவா?

கொழும்பிலிருந்து இரவு ரயிலேறி விடியக்காலையில் மட்டக்களப்பில் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "பாசிக்குடா பாத்தாச்சு. மறுகா என்ன இருக்கு?" கையில் இருப்பதோ ஒரு நாள். என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, நகரத்துக்குள்ளேயே இருக்கும் புளியந்தீவு. மற்றது, கல்முனை வீதியில் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போய், மருதமுனை, கல்முனை, காரைதீவு என்று ஒரே கோட்டில் கிடக்கும் ஊர்கள்.

புளியந்தீவுக்கு வாகனமே தேவையில்லை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை, பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. நீண்டகாலம் மாவட்ட அரச செயலகமான கச்சேரி இதற்குள்தான் இயங்கியது. எங்கள் ஊர்க்காரர் பலருக்குக் கோட்டை என்றால் போரும் பீரங்கியும் நினைவுக்கு வராது, கையெழுத்துக்குக் காத்து நின்ற வரிசைதான் வரும். காந்திப் பூங்காப் பக்கம் வந்தால், 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் கரையிறங்கிய இடம். மறு ஆண்டே இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரியும் எட்டி நடந்தால் வந்துவிடும். ஆறுதலாக நடந்தாலும் இரண்டரை மணித்தியாலம். அதற்குமேல் வெயில் விடாது.

இதில் எனக்கொரு குறை. புளியந்தீவில் சுவர்களைப் பார்க்கிறோம். யாரும் எதையும் செய்துகொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை.

தெற்குப் பாதை அப்படியல்ல. மருதமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பினால், முதலில் காதுக்குத்தான் ஊர் வரும்: தறிச் சத்தம். நான் போன வீட்டில் ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணர், சாரம் (லுங்கி) நெய்துகொண்டிருந்தார். கால் மிதிக்க, பாவு இரண்டாகப் பிரிய, நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய, மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது. இடையில் ஒரு நூல் அறுந்தது. பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் முடிச்சுப் போட்டார். முடிச்சு எங்கே என்று பிறகு தேடியும் எனக்குத் தெரியவில்லை. "அது தெரிஞ்சா அது நெசவில்ல, தம்பி" என்றார். கோட்டைச் சுவர் எதுவும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை.

ஆனால் தெற்குக்கு நாள் பார்த்துப் போகவேண்டும். முதல் தடவை நான் போனது வெள்ளிக்கிழமை நடுப்பகல். ஜும்ஆ தொழுகை நேரம்; ஒரு தறியும் அசையவில்லை. பூட்டிய கடையொன்றின் நிழலில் நின்று சோடா குடித்துவிட்டுத் திரும்பினேன். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலும் இதே கதைதான். நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் கொடியேறும் நாட்களில் நிற்க இடமிருக்காது, மற்ற நாட்களில் பள்ளியும் கடற்காற்றும்தான். பாண்டிருப்புத் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு. காரைதீவுக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் குளிர்த்திச் சடங்கு. வைகாசியில் வருபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், காரைதீவுதான். கண்ணகி கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரையை ஏட்டுக்குள் அல்ல, சடங்கில் பாடக் கேட்கலாம்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே பஸ் காசுக்குள் அடங்கும். சாப்பாட்டில் எனது ஓட்டு தெற்குக்கு. வயதான அம்மா, கைக்குழந்தை கூட வந்தால் பேச்சே இல்லை, புளியந்தீவு.

இரண்டையும் முடிச்சுப் போடுகிற ஒருவர் இருக்கிறார்: தமிழறிஞரும் துறவியுமான சுவாமி விபுலாநந்தர். 1892இல் பிறந்த ஊர் காரைதீவு. 1947இல் மறைந்தபின் சமாதி மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடியில், சிவானந்த வித்தியாலய வளவில். வாவியின் ஓசையை நீரரமகளிரின், அதாவது நீரில் வாழும் தேவமகளிரின், பாடலாகக் கேட்டவர் அவர். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலமும் அங்கிருந்து கிட்டத்தான். அந்த ஓசையை ஊரார் பாடும் மீன் என்பார்கள்; அதைக் கேட்க வேண்டுமென்றால் பூரணை இரவில் தோணி எடுத்து, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைக்கவேண்டும். நான் வைத்த இரவில் மீன் பாடவில்லை, தோணிக்காரர்தான் பாடினார்.

ஆகவே என் மச்சான் அடுத்த மாதம் வரும்போது காலை எட்டு மணிக்கே அவனைக் கல்முனை பஸ்ஸில் ஏற்றுவேன். முதலில் காரைதீவு, பிறகு மருதமுனை, திரும்பும் வழியில் பொழுதுபடக் கல்லடியில் இறக்கம். கோட்டையை மறுநாள் ரயிலுக்கு முன் பார்த்துக்கொள்ளலாம். வருவது வெள்ளிக்கிழமை என்றால் மட்டும், நேரே புளியந்தீவு.