45 லட்சத்துக்குள் வீடு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சென்னையை ஒட்டிய பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் முதல் வீடு தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5 சதவீதம் ஜிஎஸ்டி. சென்னையில் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம்) 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருந்து, விலையும் 45 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 1 சதவீதம்தான். 2019 ஏப்ரலில் வந்த விதி. இதைக் காட்டித்தான் ஆள் பிடிக்கிறார்கள்.

நாங்கள் பார்த்த டபுள் பெட்ரூம் விளம்பரத்தில் 43.9 லட்சம், ‘ஜிஎஸ்டி 1% மட்டுமே’. 880 சதுர அடி என்றார்கள், கார்பெட் ஏரியா 608. (மீதி எங்கே என்றால் லிஃப்டிலும் மாடிப்படியிலும் நம் பங்காம். ஊரறிந்த கதை, விடுங்கள்.) ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருந்தது, வங்கிக் கடனும் கிடைக்கும் என்றார்கள். ஒரு லட்சம் கட்டினோம்.

மொத்தச் செலவையும் பட்டியல் போடும் காஸ்ட் ஷீட்டைக் கேட்டுக் கேட்டு, பணம் கட்டிய பிறகுதான் கையில் வந்தது. கார் பார்க்கிங் 2.5 லட்சம், கிளப் ஹவுஸ் 1.25 லட்சம், டெவலப்மென்ட் சார்ஜ் 1.6 லட்சம். மொத்தம் 49.25 லட்சம். கீழே ஜிஎஸ்டி 5 சதவீதம், ரூ.2,46,250!

விதி தெளிவாக இருக்கிறது: பார்க்கிங், டெவலப்மென்ட், பொது வசதி என்று பில்டர் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது 45 லட்சக் கணக்கில் சேரும். வீடு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாதா? எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர், பார்க்கிங் வேண்டாம் என்றேன். “எல்லாருக்கும் கம்பல்சரி சார். ஜிஎஸ்டி கவர்மென்ட்டுக்குப் போற காசு, எங்களுக்கா வருது?” என்றார் சேல்ஸ் தம்பி. கூட்டிப் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் 45-க்குள் அடங்குகிற டபுள் பெட்ரூம் ஒன்றுகூடக் கிடையாது. நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது, வரம்பு மட்டும் 2019-லேயே நிற்கிறது என்பது உண்மைதான். அதற்காக இல்லாத வீட்டை விளம்பரம் செய்யலாமா?

அப்புறம், ஒப்பந்தம் பதிவதற்கு முன்பே 20 சதவீதம் கேட்டார்கள். ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. அதைச் சொன்னதும் மேனேஜரின் குரல் மாறியது. “அப்படின்னா கேன்சல் பண்ணிக்குங்க” என்றார். ரத்து செய்தால் 50,000 பிடித்தம் என்று புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம்.

புக்கிங்குக்கு முன்பே, எல்லாச் சார்ஜும் ஜிஎஸ்டியும் சேர்ந்த காஸ்ட் ஷீட்டை கம்பெனி மெயிலிலிருந்து கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் போதாது. தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். எங்களுக்குப் பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதி 50,000-க்கு விளம்பரத்தையும் காஸ்ட் ஷீட்டையும் இணைத்துத் தமிழ்நாடு ரெராவில் புகார் கொடுத்திருக்கிறோம்.