ஜிஓஜி: வாங்கிய கேம் என் பீரோவிலேயே இருக்கிறது

ஒரு சின்ன நிறுவனத்தின் கேமைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். நிறுவனம் மூடியது, சர்வரும் போனது. திறந்தால் 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் வருகிறது. யாரிடம் போய்க் கேட்பது? பெரிய இடத்திலும் இதே கதைதான். யூபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாளாக ஆடக்கூட வழியில்லாமல் போனது.

இப்போது ஜிஓஜி என்ற இணையக் கேம் கடையில்தான் வாங்குகிறேன். டிஆர்எம் பூட்டு, அதாவது வாங்கியவர்தானா என்று சரிபார்த்துத் தடுக்கும் ஏற்பாடு, கிடையாது. கேமைக் கணினியில் நிறுவும் கோப்பான இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் தனியாக ஆட இணையமே வேண்டாம். பெரிய கேம் என்றால் நாலு ஜிபி துண்டுகளாக வரும். மன்னார்குடியில் எங்கள் தெருவில் காற்றடித்தாலே கரண்ட் போய்விடும். அந்தத் துண்டுகள்தான் காப்பாற்றின. பாதியில் நின்றதை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. புதுசாக வரும் பெரிய கேம்கள் பல இங்கே தாமதமாகத்தான் வரும், சில வருவதே இல்லை. கூட்டாக ஆன்லைனில் ஆட வேறொருவர் சர்வரை நம்பியிருக்கும் கேமை இவர்களாலும் காப்பாற்ற முடியாது. அப்புறம், இறக்கி வைக்காமல் லைப்ரரியிலேயே விட்டுவைப்பவர்களுக்கு இங்கே வாங்கியும் பிரயோஜனமில்லை. கேம்களை இறக்கவும் திறக்கவும் ஜிஓஜி தரும் கேலக்ஸி செயலி கட்டாயமில்லை. நான் போடவே இல்லை.