சைக்கிள் பயணம்: சுமை முன்னாலா, பின்னாலா?

கல்லணையிலிருந்து பூம்புகாருக்கு இரண்டு ஆடி மாதங்களில் சைக்கிளில் போயிருக்கிறேன். முதல் தடவை 16 கிலோ சுமையும் பின்கேரியரில். அடுத்த தடவை 9 கிலோ முன்சக்கரத்தின் இருபுறமும், 7 கிலோ பின்னாலும். இனிப் பழைய முறைக்குத் திரும்ப மாட்டேன்.

பின்னால் கட்டுவதன் வசதி ஊரறிந்தது. வாழையிலைக் கட்டும் நெல் மூட்டையும் அப்படித்தான் போகின்றன. ஆனால் கியர் சைக்கிளில் ஓட்டுபவரின் எடையே பாதிக்கு மேல் பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. சுமையும் அங்கேயே சேர்ந்தால் முன்பக்கம் லேசாகி ஹேண்டில் அலைகிறது. எழுந்து நின்று மிதித்தால் பின்பக்கம் வாலாக ஆடுகிறது.

முன்பைகள் அச்சு உயரத்தில் தாழ்வாகத் தொங்க வேண்டும், இருபுறமும் ஒரே எடையில். ஹேண்டில் கனக்கும், கும்பகோணத்துச் சந்துகளில் திரும்புவதற்குள் எரிச்சல் வந்தது. அணைக்கரைக்கு ஒதுங்கிப் போனபோது, அம்மியையே பறக்கவிடும் காற்று கொள்ளிடப் பாலத்தில் பக்கவாட்டில் அடித்தது. பைகளைத் தள்ளத்தான் செய்தது. ஆனால் வண்டி வெடுக்கென்று விலகவில்லை. சுதாரிக்க நேரம் கிடைத்தது.

இதெல்லாம் பழகிவிடும். என்னை மாற்றியது பின்சக்கரக் கம்பி. முதல் பயணத்தில் திருவையாறு தாண்டி, சாலையில் காய்ந்த நெல்லுக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கியபோது ஒன்று தெறித்தது, அதுவும் பல்சக்கரப் பக்கத்தில். அந்தப் பக்கக் கம்பிகளுக்கு இறுக்கம் அதிகம். புதுக் கம்பி கோக்கப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவி. பஞ்சரும் கோட்டமும் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் கடைக்காரரிடம் அது மட்டும் இல்லை. அக்கம்பக்கக் கம்பிகளை முடுக்கிக் கோட்டத்தைக் குறைத்து, உரசாதபடி பிரேக்கைத் தளர்த்தி அனுப்பினார். மயிலாடுதுறை வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கித் தள்ளினேன்.

முன்சக்கரத்தில் பல்சக்கரம் கிடையாது. என் சைக்கிளில் டிஸ்க் பிரேக்கும் இல்லை. ஆகவே இருபுறக் கம்பிகளும் சமமாகச் சுமக்கின்றன. இரண்டாம் பயணத்தில் ஒரு கம்பியும் போகவில்லை. இடையில் பின்சக்கரத்துக்குப் புதுக் கம்பிகள் கோத்திருந்தேன். எல்லாப் பெருமையும் முன்பைகளுக்கே என்று சொல்ல மாட்டேன்.

சட்டத்தின் நடுவில் மாட்டும் பையை நண்பரிடம் வாங்கி அரைநாள் ஓட்டினேன். வெறும் சைக்கிள் போலவே ஓடியது. ஆனால் தார்ப்பாய் நுழையவில்லை.

பல்சக்கரம் கழற்றும் கருவி இப்போது என் இடது முன்பையில் இருக்கிறது. எடைக்கு ஈடாக வலது பையில் தார்ப்பாய்க் கயிறு.