பாஸா, கம்பனியா, கேட்டைத் தட்டுபவரா? கொழும்பில் கூரை வேலையை யாரிடம் கொடுப்பது

கொழும்பில் கூரை ஒழுகத் தொடங்கினால் மூன்று பக்கமிருந்து ஆள் வரும். தெரிந்தவர் மூலம் வரும் பாஸ் ஒருவர், அதாவது தனியாக வேலை செய்யும் மேசனோ தச்சரோ. கூரைச் சீட் விற்கும் கம்பனியோ அதன் முகவரோ அனுப்பும் குழு ஒன்று. மூன்றாமவர், மழை விட்ட மறுநாள் கேட்டைத் தட்டி, "மாத்தயா, ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியுது, முகட்டு ஓடு விலகியிருக்கு" என்பவர். இப்போது பேஸ்புக் விளம்பரமாகவும் வருகிறார். ஆளின் முகத்தையும் பேச்சையும் வைத்து எடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாமானை யார் வாங்குகிறார், பணம் எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது என்ற இரண்டையும்தான் பார்ப்பேன்.

மூன்றாமவரை முதலில் முடித்துவிடலாம்: வேண்டாம். ஏறும்போது நன்றாக இருந்த ஓடு அவர் இறங்கும்போது உடைந்திருக்கும். போனில் அவர் காட்டும் படம் உங்கள் கூரைதானா என்று கீழே நிற்கும் உங்களுக்குத் தெரியாது. பத்து வருட உத்தரவாதம் என்று ஏதோ ஒரு பெயின்ட்டை அடித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அந்த போன் இலக்கம் வேலை செய்யாது. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் இங்கே மழை கொட்டும் காலம். அதுதான் இவர்களுக்கும் சீசன், ஏனென்றால் வீட்டுக்குள் வாளி வைத்துக்கொண்டிருப்பவர் பேரம் பேச மாட்டார். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வேலையை வைத்துக்கொண்டால் நாலு இடத்தில் விலை கேட்க அவகாசம் இருக்கும்.

ஆக, உண்மையான போட்டி பாஸுக்கும் கம்பனிக்கும்தான்.

சில ஓடுகளை மாற்ற, பீலியைச் சரிசெய்ய, முகட்டுச் சாந்தைத் திரும்பப் பூச, பாஸ்தான் பொருத்தம். இந்தச் சின்ன வேலைக்குப் பெரிய கம்பனி அனேகமாக வராது; வந்தாலும் முழுக் கூரையையும் மாற்றச் சொல்லும். பாஸுக்குக் கூலியை மட்டும் பேசுங்கள், சாமானை நீங்களே வாங்குங்கள். அவர் காட்டும் ஹாட்வெயார் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டு பழைய சோனகத் தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கினால் விலை தெரிந்துவிடும். நாட்கூலி என்றால் இரண்டு நாள் வேலை ஒரு வாரம் இழுபடும், அதனால் மொத்தமாகப் பேசுவது நல்லது. பாஸிடம் உள்ள பெரிய குறை வேறு: கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் எல்லோரும் முதலில் வீட்டுக்காரரைத்தான் பார்ப்பார்கள். கம்பனி என்றால் தொழிலாளர் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

முழுக் கூரையையும் மாற்றுவதென்றால் நான் கம்பனிப் பக்கம். ஆனால் கம்பனியின் ஏமாற்று நாகரிகமாக நடக்கும், அச்சடித்த விலைமனுவில் ஒளிந்திருக்கும். 0.47 மில்லிமீட்டர் சீட் என்று எழுதிவிட்டு அதைவிட மெல்லியதை இறக்குவார்கள். பூச்சோடு சேர்த்த தடிப்பா, வெறும் தகட்டின் தடிப்பா என்று கேளுங்கள். சீட் வந்திறங்கும் அன்றே மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். அடுத்தது பரப்பளவு. 1,000 சதுர அடி நிலப்பரப்பை மூடும் கூரை 22.5 பாகை சாய்வில் சுமார் 1,082 சதுர அடி வரும், 30 பாகையில் 1,155. இறவாரத்துக்கும் மேற்பொருத்துக்கும் கொஞ்சம் கூடும், சரி. 1,500 என்று எழுதியிருந்தால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். 18 வீத வற் வரியைச் சேர்த்திருந்தால் பதிவிலக்கத்தோடு வரி விலைப்பட்டியல் தர வேண்டும். அது இல்லாமல் வரி மட்டும் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

உத்தரவாதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நீண்ட வருடங்களுக்குத் தருவது பெரும்பாலும் சீட்டின் துருவுக்கும் நிறத்துக்கும்தான். ஆணித் துளையாலும் மூலைப் பொருத்தாலும் ஒழுகினால் அது பொருத்தியவரின் பொறுப்பு, அதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். விலைமனு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், வாசித்து விளங்கப்படுத்த ஒருவர் கிடைக்கும்வரை கையெழுத்து வேண்டாம். கம்பனியின் பெயர் கம்பனிப் பதிவாளரிடம் இருக்கிறதா என்று இணையத்தில் தேடலாம். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவர் என்றால் கூடுதல் தெம்பு.

இரண்டு தரப்பிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பழைய அஸ்பெஸ்டோஸ் சீட்டை எப்படி இறக்குவீர்கள்? தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்குவோம் என்பவருக்கு வேலை தெரியும். உடைத்துக் கீழே தள்ளுவோம் என்பவர் நுரையீரலைக் கெடுக்கும் தூசியை உங்கள் வீட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டுக்குள்ளும் பரப்பப் போகிறார்.

பணத்தைப் பொறுத்தவரை, வேலை தொடங்குமுன் பாதி கேட்பவரை விட்டுவிடலாம். சாமான் வாசலில் இறங்கியதும் ஒரு பங்கு, பழைய கூரை கழன்று சட்டம் ஏறியதும் ஒரு பங்கு, முடிந்ததும் ஒரு பங்கு. பத்து வீதத்தையாவது ஒரு நல்ல மழை பெய்யும்வரை பிடித்து வையுங்கள். பாஸ் முகம் சுளிப்பார், கம்பனி கொள்கையில் இல்லை என்று சொல்லும். எழுத்தில் போட்டால் இருவரும் வழிக்கு வருவார்கள். தகராறு முற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, மத்தியஸ்த சபையும் இருக்கிறது. எங்கே போனாலும் ரசீது கையில் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கப் பழைய வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. உங்கள் கூரையில் இருக்கும் தேக்குக் கைமரத்துக்கும் உடையாத கலிகட் ஓட்டுக்கும் நல்ல விலை உண்டு. "குப்பையை நாங்களே சும்மா ஏத்திட்டுப் போறோம்" என்று யாராவது சொன்னால், அதன் பெறுமதியைக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.