போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த கீசர்: கண்ணாடிப் பூச்சு டேங்கா, எவர்சில்வர் டேங்கா?

பழைய 15 லிட்டர் கீசர் ஒழுகுகிறது, புதிது வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டைக் காட்டுவார். ஒன்று கிளாஸ் லைன்ட், அதாவது இரும்பு டேங்கின் உள்ளே கண்ணாடிப் பூச்சு. மற்றது எஸ்.எஸ்., நம் எவர்சில்வர். "எவர்சில்வர் துருவே பிடிக்காது சார்" என்பார் அவர். போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீட்டுக்குக் கண்ணாடிப் பூச்சைத்தான் நாங்கள் சொல்வோம். ஒரே நிபந்தனை, ஆண்டுக்கு ஒருமுறையாவது அடிமூடியைத் திறந்து உள்ளே இருக்கும் மெக்னீசியம் ராடைப் பார்க்க வேண்டும். உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீர் மட்டுமே வரும் கோவை வீடு என்றால் எதை மாட்டினாலும் ஓடும். விலை பார்த்து எடுங்கள்.

அதற்கு முன், பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். தண்ணீர் சொட்டுகிறது என்பதாலேயே டேங்க் ஓட்டை ஆகிவிடாது. கீழே குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் மல்ட்டி ஃபங்ஷன் வால்வு சூடாகும்போது சொட்டினால் அது இயல்பு. 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும் 15 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 200 மி.லி. விரிகிறது; அது எங்காவது வெளியேறித்தான் ஆக வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வாயை எம்-சீல் வைத்து அடைப்பதைப் போல ஆபத்தான வேலை வேறு இல்லை. ஆறிய பிறகும் சொட்டினால் வால்வில் மண் சிக்கியிருக்கும், அல்லது பம்ப் அழுத்தம் அதிகம். வால்வை மட்டும் மாற்றலாம். அடிமூடிக்குள் ஃபிளாஞ்சை (காயிலைத் தாங்கி டேங்கின் வாயை மூடும் தட்டு) சுற்றிக் கசிந்தால் கேஸ்கட், அதாவது அதன் ரப்பர் வளையம், மாற்றும் வேலை. வெளிக்கூட்டின் ஓரத்திலிருந்து செம்பழுப்புத் தண்ணீர் வழிந்தால்தான் டேங்க் போயிற்று. கண்ணாடிப் பூச்சு டேங்கை வெல்டிங் வைத்துக் காப்பாற்ற முடியாது. சூடு பட்ட இடத்தில் பூச்சு தெறித்துவிடும்.

சூடே வரவில்லை என்றால் மல்ட்டிமீட்டர் போதும். எம்.சி.பி.யை (மின்பலகையில் கீசருக்கான பிரேக்கர்) இறக்கிவிட்டு, சூடாக்கும் காயிலின் வயர்களைக் கழற்றி இரண்டு முனைக்கும் இடையே பாருங்கள். 2 கிலோவாட் காயில் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும், 3 கிலோவாட் என்றால் 17 அல்லது 18. ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. முனைக்கும் கீசரின் உலோக உடம்புக்கும் இடையே ஏதாவது காட்டினால் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. கீசர் போட்டவுடன் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. விழுவது இதனால்தான். ஓம் சரியாக இருந்தும் சூடு இல்லை என்றால், சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டின் சிறு பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒருமுறை அழுத்தி ஓடிவிட்டு மறுபடி விழுந்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாம் சில நூறு ரூபாய்ப் பாகங்கள். டேங்க் நல்லதாக இருக்கும்வரை இதற்காகக் கீசரையே தூக்கிப் போட வேண்டாம்.

"இன்ஸ்டன்ட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்பார்கள். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் சின்ன கீசர் அது. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீரை 14 டிகிரிதான் ஏற்றும். சென்னையில் 27 டிகிரித் தண்ணீர் 41 ஆகும், குளிக்கப் போதும். ஊட்டியில் 12 டிகிரித் தண்ணீர் 26 ஆகும், அதில் குளிக்க முடியாது. சமையலறைக்கு இன்ஸ்டன்ட் நல்லது. போர் தண்ணீர்க் குளியலறைக்கு வேண்டாம், சின்ன டேங்கில் உப்பு காயிலைச் சீக்கிரம் மூடிவிடும்.

இனி டேங்க். இரண்டும் எப்படிச் சாகின்றன என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானே விளங்கும்.

கண்ணாடிப் பூச்சு என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி 800 டிகிரிக்கு மேல் சுட்டு உருக்கி ஒட்டுவது. நம் வீட்டு எனாமல் தட்டு போலத்தான். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் ஊசிமுனை அளவில் சில துளைகள் இருக்கும், வெல்டு ஓரங்களில் குறிப்பாக. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இரும்பைத் தொடும், துரு அங்கே தொடங்கும். இதைத் தடுக்கத்தான் மெக்னீசியம் ராடு. இரும்பைவிட மெக்னீசியம் எளிதில் கரையும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றால் மெக்னீசியம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ராடு இருக்கும்வரை டேங்க் இருக்கும். ராடு தீர்ந்த அன்று முதல் ஊசித்துளைகள் பெரிதாகத் தொடங்கும்.

எவர்சில்வர் டேங்கில் காவல் அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலத்துக்கு எதிரி குளோரைடு. சாதாரண உப்பில் இருப்பது அதுதான். சூடும் உப்பும் சேர்ந்தால் வழக்கமான 304 ரக எவர்சில்வரில் வெல்டு ஓரத்திலும் கேஸ்கட் இடுக்கிலும் ஊசி குத்தியது போல ஓட்டை விழும். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால் இழுவிசை உள்ள இடங்களில் மயிரிழை விரிசலும் வரும். இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 250 மி.கி. என்கிறது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1000 வரை அனுமதிக்கிறது. மீஞ்சூர் போலக் கடல்நீர் நிலத்தடியில் ஏறிய பகுதிகளின் போர் தண்ணீருக்கு 304 டேங்க் ஏற்றதல்ல. மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்கும், ஆனால் வீட்டு கீசரில் அது அரிது. "எஸ்.எஸ்." என்று மட்டும் பெட்டியில் போட்டிருந்தால் எந்த ரகம் என்று கேளுங்கள்.

ஒரு டேங்கின் காவலை 300 முதல் 700 ரூபாய்க்குள் கடையில் வாங்கிப் புதிதாக மாட்ட முடிகிறது. இன்னொன்றின் காவலை மாட்டவே முடியாது. நாங்கள் கண்ணாடிப் பூச்சின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான். (சில எஸ்.எஸ். மாடல்களிலும் ராடு வருகிறது. இருந்தால் அதையும் இதே போலப் பார்த்து மாற்ற வேண்டும்.)

ராடு எவ்வளவு நாள் வரும் என்பது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மி.கி.) 500க்குள் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும், இரண்டு மூன்று ஆண்டு வரக்கூடும். 1000ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சாஃப்ட்னர் வைத்த வீட்டுக்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது, டி.டி.எஸ். குறைவதில்லை. காயிலில் உப்புப் பொருக்கு படிவது குறையும், ஆனால் ராடு முன்பைவிட வேகமாகக் கரையும். கோடையில் கீசரைப் போடாத மாதங்களிலும் தண்ணீர் நிற்கும்வரை ராடு கரைந்துகொண்டேதான் இருக்கும்.

கழற்றும் முறை இது. சுவிட்சை அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்குங்கள்; சில வீடுகளில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் இருக்கும். தண்ணீர் ஆறட்டும். கீசருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, குளிர்நீர் கனெக்ஷன் பைப்பையும் மல்ட்டி ஃபங்ஷன் வால்வையும் கழற்றி 15 லிட்டரையும் வடியுங்கள். அடிமூடியைத் திறந்து வயர்களை போனில் படம் எடுத்துக்கொண்டு பிரியுங்கள். ஃபிளாஞ்ச் நட்டுகளைத் தளர்த்தும்போது கீழே வாளி இருக்கட்டும், வண்டலும் சேர்ந்து கொட்டும். ஃபிளாஞ்சோடு காயிலும் ராடும் ஒன்றாக இறங்கி வரும்.

புது ராடு விரல் தடிமனில் வழுவழுப்பாக இருக்கும். போர் தண்ணீரில் ஓராண்டு நின்றது செல்லரித்த குச்சி போலக் குழிகுழியாக, சாம்பல் நிறத்தில் மாவு உதிர வரும். தடிமன் பாதியாகிவிட்டாலோ நடுவில் இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் டேங்க் காவலின்றி எத்தனை மாதம் நின்றதோ தெரியாது. உள்ளே டார்ச் அடித்து செம்பழுப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். திரெட் அளவு மாடலுக்கு மாடல் மாறும், பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். திரெட்டில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் ராடு வேலை செய்யும். காயிலில் அது இடிக்கவும் கூடாது.

காயிலில் படிந்த பொருக்கைச் சுத்தியலால் தட்டாதீர்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வைத்தால் முட்டை ஓடு போல ஏடேடாகக் கழன்றுவிடும். வயர் மாட்டும் முனைகள் நனையக் கூடாது. மெக்கானிக் பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். அது ஹைட்ரோகுளோரிக், கண்ணாடிப் பூச்சின் ஊசித்துளையில் இரும்பைத் தின்னும், எவர்சில்வரையும் அரித்துவிடும். கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். எதிரெதிரே உள்ள நட்டுகளை மாறிமாறி முடுக்குங்கள்.

எவர்சில்வர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எடை குறைவு, ஹாலோ பிளாக் சுவரில் மாட்ட இது பெரிய விஷயம். ஏற்றி இறக்கும்போது இடிபட்டாலும் உள்ளே பூச்சு தெறிக்கும் பயம் இல்லை. ஓட்டை விழுந்தால் ஆர்கான் வெல்டிங் வைக்கலாம், பக்கத்தில் மறுபடி விழும்வரை ஓடும். முக்கியமாக, அடிமூடியை யாருமே திறக்கப்போவதில்லை, தண்ணீரும் நல்ல தண்ணீர் என்றால் எவர்சில்வர்தான் சரி. வாடகைக்கு விடும் வீடுகள் இந்தக் கணக்கில் வரும். பாலிமர் பூச்சு டேங்குகளும் கடையில் இருக்கின்றன. போர் தண்ணீரில் பத்தாண்டு ஓடியவற்றைப் போதிய அளவு பார்க்காததால் அவற்றைப் பரிந்துரைக்கத் தயக்கம்.

கண்ணாடிப் பூச்சை எடுப்பதாக முடிவுசெய்தால் கடையிலேயே சிலவற்றைக் கேளுங்கள். ராடு தனியாக ஸ்பேர் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அந்த மாடல் வேண்டாம். காயில் உறை அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலவையான இன்கோலாய் 800ஆ, வெறும் செம்பா? உத்தரவாத அட்டையில் டேங்குக்கு 5 அல்லது 7 ஆண்டு என்று பெரிதாக இருக்கும், ராடு மாற்றவில்லை என்றால் செல்லாது என்பது சின்ன எழுத்தில் பல அட்டைகளில் இருக்கிறது. ராடு வாங்கிய பில்லை அதோடு சேர்த்து வையுங்கள். அடுக்குமாடி என்றால் 8 பார் அழுத்தம் தாங்கும் டேங்க். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்று கணக்கு.

மாட்டியதும் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரியில் வையுங்கள். 60க்கு மேல் போகப் போக கால்சியம் வேகமாகப் படியும். வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது போர் தண்ணீரின் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை, மெக்னீசியம் அதற்கு உதவுகிறது. ஒருமுறை முழு அளவில் சூடேற்றி வடித்துவிட்டு, நாற்றம் திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாக ராடுக்கு மாறுங்கள். ராடை மட்டும் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை திறந்து மூடிய பிறகும், வெந்நீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் ஒரே சீராகக் கொட்டும்வரை எம்.சி.பி.யைத் தூக்கக் கூடாது. காலி டேங்கில் காயில் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தண்ணீர் கொட்டட்டும். அதற்குள் ராடு மாற்றிய தேதியையும் அன்றைய டி.டி.எஸ். அளவையும் மார்க்கரால் அடிமூடியின் உட்புறம் எழுதிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவர் நீங்களாக இல்லாவிட்டாலும் அவருக்குக் கணக்கு கிடைக்கும்.