அக்ரிலிக் ஷீட்டில் ஒட்டிப்போன பேப்பரும் ஒரு பிளாஸ்டிக் பிளேடும்

மதுரையில் நானும் என் கணவரும் பெயர்ப்பலகை செய்து கொடுக்கிறோம். தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து போன மாதம் 3 மி.மீ. கிளியர் அக்ரிலிக் ஷீட் (கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பலகை) ஆறு வாங்கினோம். எட்டடிக்கு நாலடி முழு ஷீட், பாதி விலை. வருஷக்கணக்காகத் தகரக் கொட்டகையில் வெக்கை தின்றவை. கீறல் விழாமல் இருக்க ஷீட்டின் மேல் பேப்பர் ஒட்டியிருக்கும். மூலையில் நகத்தால் அந்தப் பேப்பரைக் கிளப்பினேன். மேல்தோல் மட்டும் நார் நாராகக் கிழிந்து வந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படலம், அதற்கும் கீழே பசை. அசையவே இல்லை.

கடைத் தம்பி, “தின்னர் போட்டா ஒரு நிமிஷ வேலைக்கா” என்றான். முதலில் ஒரு கட் பீஸில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பசை போனது, கூடவே பளபளப்பும் போனது. பால் படிந்தது போல் வெளுத்த இடம் அப்புறம் தெளியவே இல்லை. தின்னரும் அசிட்டோனும் அக்ரிலிக்கையே கரைக்கும். தயவுசெய்து யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஆன்லைனில் இந்த பிளாஸ்டிக் பிளேடு செட்டை வாங்கினேன். பத்து பிளேடு, ஒரு பிடி, 300 ரூபாய்க்குள். பார்க்க ஷேவிங் பிளேடு போலத்தான் இருக்கிறது, ஆனால் இரும்பு இல்லை. இரும்பு பிளேடு ஒரு முறை சாய்ந்தால் போதும், வெளிச்சத்தில் காட்டும்போது கீறல் பளிச்சென்று தெரியும். எல்இடி போர்டுக்குப் போகிற ஷீட்டில் அதை மறைக்க வழியே கிடையாது.

பிளேடை மட்டும் வைத்துக்கொண்டு சுரண்டினால் வேலை ஆகாது. ஷீட்டைத் தரையில் கிடத்தி, பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய துணியை நனைத்து மேலே விரித்தோம். ராத்திரி முழுக்க அப்படியே விட்டாயிற்று. காலையில் பேப்பர் ஊறின அப்பளம் மாதிரி இருந்தது. பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினேன். சுருள் சுருளாகத் திரண்டு வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

மிச்சமிருந்த பசைக்கு ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் தெளித்தவுடன் பாலித்தீன் தாளால் மூடி ஐந்து நிமிஷம் விட்டோம். பசை இளகியதும் மறுபடி பிளேடு, அப்புறம் சோப்புத் தண்ணீர், கடைசியில் ஈரமான மைக்ரோஃபைபர் துணி. காய்ந்த துணியால் துடைத்தால் தூசு ஒட்டும், அந்தத் தூசே கீறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ வெல்டிங்கோ இருக்கக் கூடாது. ஏற்கெனவே லேசரில் வெட்டின துண்டு என்றால் ஓரத்தில் ஐபிஏ படவே கூடாது, மயிரிழை மாதிரி விரிசல் விடும். பேப்பரை எடுத்த பிறகு வெட்டுவதுதான் நல்லது.

பேப்பருக்குப் பதில் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையர் சூடே போதும். ஹீட் கன் வேண்டாம். 100 டிகிரியை ஒட்டி அக்ரிலிக் இளகத் தொடங்கிவிடும், ஷீட் நெளிந்துவிடும்.

குறையும் உண்டு. பிளேடின் முனை சீக்கிரம் மழுங்குகிறது. இரண்டு பக்கமும் பயன்படுத்தியும் ஒரு ஷீட்டுக்கு மூன்று பிளேடு ஆனது. பிடியின் திருகு ஈரக் கையில் தளர்கிறது, அடிக்கடி முறுக்க வேண்டும். ஒரு ஷீட்டின் ஒரு பக்கத்துக்கு இரண்டு பேருக்கு அரை நாள் போய்விடும். ஒரு ஷீட்தான் என்றால் புதிதாகவே வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஆறு ஷீட், கூலியும் எங்கள் கைதான், அதனால் கட்டுப்படியானது.

மூன்று ஷீட் சுத்தமாகிவிட்டது. அதில் ஒன்று பல் ஆஸ்பத்திரி போர்டாக மாட்டியாயிற்று. ராத்திரி விளக்கு போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. மீதி மூன்றுக்காக இன்னொரு பாக்கெட் பிளேடு ஆர்டர் போட்டிருக்கிறேன்.